அளக்கப்படாத கண்கள்

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பின்வரிசையில் அமர்பவன், அதிகம் பேசாதவன். கரும்பலகையைப் பார்த்து அவன் எழுதும் ஏட்டில் மெய்யெழுத்துகளின் மேற் புள்ளி பெரும்பாலும் விழுவதேயில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். னகரம் ணகரமாகும், 3 என்னும் இலக்கம் 8 ஆகும். தமிழாசிரியனாகிய நான் இதனை எழுத்திலக்கணம் அறியாமை என்று முடிவு செய்தேன். கணித ஆசிரியர் அதனைச் சோம்பல் என்றார். தவணை முடிவில் அவனுடைய அறிக்கையிற் "கவனம் போதாது" என்று எழுதிக் கையொப்பமிட்டவனும் நானே.

பின்னர் ஒருநாள், முன்வாங்கில் இடம் வெறுமையாயிருந்தமையால் அவனை அங்கே அமர்த்தினேன். அன்று அவன் ஏட்டில் முக்காற்பங்கு புள்ளிகள் விழுந்திருந்தன. எனக்கு ஐயம் பிறந்தது. தாயாரை அழைத்துப் பேசினேன். பாமன்கடையில் ஓர் ஒழுங்கையிற் குடியிருக்கும் குடும்பம்; தந்தை புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். மூவருமாகக் காலி வீதியிலுள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சென்றோம். பையன் ஒரு கருவியின்முன் நாடியை வைத்து அமர்ந்தான். உள்ளே நீண்ட ஒரு தெருவும் அதன் முடிவில் ஒரு வண்ணப் பலூனும் தெரிகின்றன என்றான். சில நொடிகளிற் கருவி ஒரு துண்டுச் சீட்டை வெளியே நீட்டியது. ஒவ்வொரு கண்ணுக்கும் மும்மூன்று எண்கள். அவற்றுள் நடுவிலிருந்த எண் பெரிதாயிருந்தது. பிறந்த நாள்தொட்டே அவன் கண் அவ்வாறிருந்திருக்கலாம் என்றார் கடைக்காரர்.

தாயார் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஓர் எழுத்தும் தமிழில் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "சேர், இவன் வேணுமெண்டுதான் பிழை விடுறான் எண்டு நானும் அடிச்சனான்."

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. அவர் கையால் அடித்தார். நான் அறிக்கைத் தாளால் அடித்தேன். அந்தச் சீட்டிலிருந்த எண்கள் எங்கிருந்து வந்தன, அவை எங்களை வந்தடைய ஏன் இத்துணைக் காலம் சென்றது என்று தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடைய ஓர் உருண்டை. முன்புறத்திலுள்ள தெளிந்த படலமும் உள்ளே இருக்கும் வில்லையும் வெளியொளியை மடித்து விழித்திரையிற் குவிக்கின்றன. உருண்டையின் நீளமும் இவற்றின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் உருவம் தெளிவாக விழும். பொருந்தாவிடின் குவியம் திரைக்கு முன்னோ பின்னோ விழுந்து குறும்பார்வையோ நீள்பார்வையோ உண்டாகும். சீட்டின் முதல் எண் இதனைக் குறிப்பது. நடுவெண் குறிப்பது வேறொரு குறை. பந்தின் மேற்பரப்பு எத்திசையிலும் ஒரே வளைவுடையது. கரண்டியின் பின்புறமோ நெட்டுக்கு ஒரு வளைவும் குறுக்குக்கு வேறொரு வளைவும் கொண்டது. கண்ணின் பரப்பு கரண்டிபோல் அமைந்துவிடின், கிடைக்கோடு ஓரிடத்திலும் நிலைக்கோடு வேறோரிடத்திலும் குவியும். ஒரு புள்ளி புள்ளியாகத் தெரியாது, கோடாக இழுபடும். இதனைச் சிதறற்பார்வை என்பர். எழுத்தின் மேலுள்ள புள்ளி இத்தகைய கண்ணுக்கு எங்கே தெரியப்போகின்றது? மூன்றாம் எண், அந்த இழுபாடு எத்திசையில் நிகழ்கின்றது என்பதைக் கூறும்.

கண்ணின் குறையைப் பிரித்தறிய முதலிற் கிடைத்த கருவி இரு துளைகள் கொண்ட ஓர் அட்டை. 1619 இற் கிறித்தோபர் சைனர் என்னும் யேசுசபைத் துறவி, அருகருகே ஊசியால் இரு துளைகளிட்ட அட்டையைக் கண்முன் பிடித்து நோக்கினார். குவியம் சரியாக விழுந்தால் நோக்கும் பொருள் ஒன்றாகத் தெரியும். தவறினால் இரண்டாகத் தெரியும். இந்த எளிய உண்மை பின்னர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டது.

சிதறற்பார்வையை முதலில் அளந்து எழுதியவர் தோமஸ் யங். ஒளி அலைவடிவினது என்று நிறுவிய அதே யங்தான். 1801 இல் வெளியான கட்டுரையில், தம் கண்ணே கிடைக்கோட்டையும் நிலைக்கோட்டையும் வெவ்வேறு தூரத்திற் குவிக்கின்றது என்று காட்டினார். குறை முன்படலத்தினதா என்று அறிய, அப்படலத்தின் வேலையை நீக்கும் பொருட்டுக் கண்ணை நீரோடு பொருத்திப் பார்த்தார். குறை நீங்கவில்லை. ஆகவே தம் கண்ணிற் குறை உள்வில்லையைச் சார்ந்தது என்று முடிவுகட்டினார். தம் உடலையே ஆய்வுகூடமாக்கிய துணிவு அது.

அவருக்குப்பின் வந்தவர் ஜோர்ஜ் எயரி. கேம்பிரிஜில் இளம் ஆசிரியராயிருந்தவர். பிற்காலத்தில், 1835 இல், இங்கிலாந்தின் அரச வானியலாளரானவர். வாசிக்கும்போது தம் இடக்கண் எவ்வகையிலும் பயன்படுவதில்லை என்பதை அவர் கவனித்தார். ஒளிப்புள்ளி அக்கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது. அட்டையில் ஊசித்துளையிட்டு, அதனை அளவுகோலின்மேல் நகர்த்தி, எத்தூரத்தில் எத்திசையிற் கோடு தோன்றுகின்றது என்று குறித்துக்கொண்டார். பின்னர் கணக்கிட்டு, ஒருபுறம் கோளமாகவும் மறுபுறம் உருளையாகவும் குழிந்த வில்லை ஒன்று தமக்குத் தேவை என்று கண்டார். இப்ஸ்விச் நகரிலிருந்த புல்லர் என்னும் கைவினைஞர் அதனைக் கடைந்து கொடுத்தார். 1825 இல் எயரி இதனைக் கேம்பிரிஜ் அறிஞர் அவையில் அறிவித்தார். இன்று என் மாணவன் அணியும் கண்ணாடியின் மூலம் அதுவே.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். எயரியின் இடக்கண்ணும் என் மாணவனின் கண்ணும் ஒரே வகைக் குறையுடையவை. எயரியின் குறை விஞ்ஞான வரலாற்றில் ஓர் அத்தியாயமாயிற்று. இவனுடைய குறை "கவனம் போதாது" என்னும் பழியாயிற்று. எயரிக்கு ஒளியியல் தெரியும். அளவுகோலும் ஓய்வும் அவையும் இருந்தன. வில்லை செய்து தருவதற்கு ஒரு கைவினைஞரும் கிடைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கண்ணை மூடி மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒரு நல்ல கண் இருந்தது. என் மாணவனுக்கு இரு கண்ணும் ஒருபடித்தானவை. எல்லோரும் உலகை இவ்வாறே காண்கின்றனர் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். தனக்குக் குறையுண்டு என்று அறியாதவன் அதனை யாரிடம் முறையிடுவான்?

ஆதலின் கண்ணளவை வரலாற்றின் உண்மையான முன்னேற்றம் எது என்று கேட்டால், அளவு நுண்மையானதை மட்டும் கூறுதல் போதாது. தன் குறையைத் தானே எடுத்துரைக்க வல்ல கற்றோரின் கண்ணிலிருந்து, எடுத்துரைக்க இயலாதோரின் கண்ணுக்கு அளவை வந்து சேர்ந்ததே அம்முன்னேற்றம் என்பேன்.

அந்தப் பாதையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி பெரும் எட்டுகளை வைத்தது. 1851 இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணுள் நோக்கும் ஆடியை அமைத்தார். உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவன் காணலாயினான். 1862 இல் ஒல்லாந்தின் உத்ரெக்ற் நகரில் சினெல்லன், படிப்படியாகச் சிறுக்கும் எழுத்து அட்டையை வெளியிட்டார். எந்தக் கண்மருத்துவ நிலையத்திலும் சுவரில் தொங்குவது அதன் வழித்தோன்றலே. 1864 இல் அவருடைய மூத்த தோழர் தொண்டர்ஸ், ஒளியை மடிக்கும் குறைகள் வேறு, அண்மையை நோக்கக் கண் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலின் தளர்ச்சி வேறு என்று தெளிவாக வகுத்தார். நாற்பது வயதின் பின் நம் வீடுகளில் வரும் வெள்ளெழுத்து இரண்டாம் வகையினது. 1872 இல் மொனோயே என்னும் பிரெஞ்சு மருத்துவர், வில்லைகளின் வலுவைக் குறிக்க டயொப்டர் என்னும் அலகை முன்மொழிந்தார். அதன் பின்னரே ஓர் ஊரில் எழுதிய கண்ணாடிச் சீட்டு வேறோர் ஊரிற் பொருள்பட்டது.

இவற்றினும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது 1873 இற் கினியே என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் கண்ட முறை. கண்மணிக்குள் ஒளியை வீசி அதனை அசைத்தால், உள்ளிருந்து மீளும் ஒளியின் நிழல் ஒரு பக்கமாக நகரும். அது எப்பக்கம் நகர்கின்றது என்பதைக் கொண்டு குறையின் வகையையும் அளவையும் அறியலாம். "தெரிகின்றதா, தெரியவில்லையா" என்று கேட்க வேண்டியதில்லை. எழுத்தறியாதவர், பேச்சு வராத குழந்தை, அச்சத்தில் வாயடைத்த சிறுவன் ஆகிய அனைவருடைய கண்ணும் தானே சாட்சி சொல்லத் தொடங்கியது.

எனினும் அந்த மூன்று எண்களோடு கண்ணின் குறைகள் முடிந்துவிடவில்லை. கண்ணை ஆய்ந்த ஹெல்ம்ஹோல்ற்ஸே, இத்துணைக் குறையுள்ள ஒரு கருவியை வியாபாரி ஒருவன் தமக்கு விற்க வந்தால் அவனைக் கடிந்து அதனைத் திருப்பி அனுப்புவது தகும் என்ற கருத்துப்பட எழுதினார். கோளமும் உருளையும் போனபின்னும் எஞ்சி நிற்கும் சிறு கோணல்களைப் பிறழ்ச்சி என்பர். இரவில் தெருவிளக்கைச் சுற்றிக் கதிர்கள் கிளைப்பதுபோல் நமக்குத் தோன்றுகின்றதே, விண்மீனைக் கூர்முனைகளோடு வரைகின்றோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கண்ணின் பிறழ்ச்சியே.

இதனை அளக்க 1894 இல் தென்மார்க்கைச் சேர்ந்த செர்னிங் ஒரு வழி கண்டார். சதுரக் கட்டங்கள் வரைந்த வில்லையூடாகத் தொலைவிலுள்ள ஒளிப்புள்ளியை ஒருவர் நோக்கினால், அக்கட்டங்களின் நிழல் அவருடைய விழித்திரையில் விழும். கோடுகள் எங்கே வளைகின்றன என்று பார்த்து அவரே வரைந்து காட்ட வேண்டும். சுவீடனின் குல்ஸ்திரன்ட், ஒளி கண்ணுள் மடிவதைக் கணிதத்தால் விளக்கி 1911 இல் நோபல் பரிசு பெற்றார். 1961 இற் சோவியத் அறிஞர் சிமிர்னோவ், சைனரின் பழைய துளையட்டையின் தத்துவத்தையே எடுத்துக்கொண்டார். கண்மணியின் ஒவ்வொரு சிறு பகுதியூடாகவும் ஒளி எவ்வளவு விலகுகின்றது என்று புள்ளிபுள்ளியாக அளந்து, கண் முழுமையின் பிறழ்ச்சிப் படத்தையும் வரைந்தார். ஒரு கண்ணுக்குரிய கணக்கைச் செய்து முடிக்கப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் சென்றது. இப்படத்திற்கு ஏற்ப ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனித்தனி வில்லை செய்ய முடியும் என்று அவர் அன்றே எண்ணினார். 1977 இல் ஹவ்லண்ட் சகோதரர் இருவர் 55 பேரின் கண்களை அளந்து, செம்மையான கண் என்று கருதப்படுவதிலும் இக்கோணல்கள் உண்டு என்று காட்டினர். குறையற்ற கண் மனித இனத்தில் இல்லை.

அடுத்த படி வானத்தைப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது. 1900 ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் வானாய்வகத்தில் யொஹானஸ் ஹார்ட்மன், பெருந்தொலைநோக்கியின் வில்லை செம்மையானதா என்று சோதிக்க, பல துளைகளிட்ட தகடொன்றை அதன்முன் வைத்தார். ஒவ்வொரு துளையினூடாக வரும் கதிரும் எங்கே விழுகின்றது என்று பார்த்து வில்லையின் குற்றத்தை அறிந்தார். அறுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப்படை, தரையிலிருந்து செய்மதிகளைத் தெளிவாகப் படம்பிடிக்க விரும்பியது. அத்தேவைக்காக அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஷாக், துளைகளுக்குப் பதிலாகச் சிறுவில்லைகளின் வரிசையை அமைத்தார். 1971 இல் அவரும் பென் பிளாற்றும் அதனை வெளியிட்டனர். பனிப்போர்க்காலத்தின் கண்காணிப்புத் தேவையிற் பிறந்த கருவி, 1994 இல் ஹைடல்பேர்க்கில் லியாங், பில்லே முதலியோரின் கையில் மனிதக் கண்ணை நோக்கித் திரும்பியது.

அது வேலை செய்யும் விதம் இது. மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றைக் கண்ணுள் விட்டால், விழித்திரையில் ஓர் ஒளிப்புள்ளி உண்டாகும். அப்புள்ளியிலிருந்து மீண்டு வெளிவரும் ஒளி, கண்ணின் கோணல்களையெல்லாம் தன்மேற் பதித்துக்கொண்டு வரும். குறையற்ற கண்ணாயின் அந்த அலையின் முகப்பு சமதளமாயிருக்கும். நம் கண்களில் அது நெளிந்திருக்கும். சிறுவில்லைகள் ஒவ்வொன்றும் தன் பங்கு அலையை ஒரு புள்ளியாகக் குவிக்கின்றன. புள்ளி தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ, அவ்வளவு சரிவு அவ்விடத்து அலையில் உண்டு. சிமிர்னோவுக்கு நாள் முழுதும் சென்ற கணக்கைக் கணிப்பொறி கணத்திற் செய்து முடிக்கின்றது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அதிலொரு கூறு மைக்கிரோன். இக்கருவி அதன் பின்னங்களையும் காட்டும். 1997 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரரில் லியாங்கும் வில்லியம்சும் குழுவினரும் இவ்வளவைக் கொண்டு நெளியும் ஆடியொன்றை இயக்கிப் பிறழ்ச்சியை ஈடுசெய்தனர். உயிருள்ள மனிதனின் விழித்திரையில் ஒளியை உணரும் தனிக் கலங்களையே அவர்கள் கண்டனர்.

மனித அறிவின் இந்த வெற்றியை யார்தான் பாராட்டாதிருக்க முடியும்? ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர், உருசியர், சீனர், அமெரிக்கர் என எத்தனை நாட்டாரின் உழைப்பு இதிற் கலந்துள்ளது! ஆயின் இந்நுண்ணிய அளவை முதலிற் சென்று சேர்ந்த இடம் எது? லேசர்க் கதிரால் விழிப்படலத்தைச் செதுக்கிக் கண்ணாடியைக் களையும் சிகிச்சை நிலையங்கள். கூம்பாகிப்போன விழிப்படலமுடையோர்க்கும், படலம் மாற்றிப் பொருத்தப்பட்டோர்க்கும் இது மெய்யான உதவிதான். எனினும் பெருமளவில் இதனை வாங்கியவர்கள், கண்ணாடியணிந்து நன்றாகவே பார்க்க வசதிபெற்றிருந்தவர்கள். மறுபுறத்தில், உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட அறிக்கை, தடுத்திருக்கக்கூடிய அல்லது இன்னும் கவனிக்கப்படாத பார்வைக் குறையோடு வாழ்வோர் குறைந்தது 100 கோடி என்று கூறிற்று. அவர்களுட் பல கோடிப் பேர்க்கு வேண்டியது எயரியின் காலத்து வில்லை அல்லது அதனினும் எளிய வெள்ளெழுத்துக் கண்ணாடி.

இதன் பொருளை உணர அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வைப் பார்ப்போம். 2018 இல் வெளியான அவ்வாய்வில், வெள்ளெழுத்துடைய 40 வயதுக்கு மேற்பட்ட 751 தோட்டத் தொழிலாளர் பங்குகொண்டனர். ஒரு பாதியினர்க்கு உடனே கண்ணாடி கொடுக்கப்பட்டது. மறுபாதியினர்க்கு ஆய்வு முடிந்தபின் கொடுக்கப்பட்டது. கண்ணாடி பெற்றோர் நாளொன்றிற் பறித்த கொழுந்தின் நிறை, பெறாதோரைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. மலைநாட்டில் நிறைக்குக் கூலி பெறும் நம் பெண்களைப் பற்றி இத்தகைய எண் என் கையில் இல்லை. ஆயினும், நாற்பதைக் கடந்த ஒரு தாய் முன்போற் கொழுந்து பறிக்க முடியாமற் குறைநிறைக்குப் பேச்சுக் கேட்கும்போது, அவள் கை தளர்ந்ததா, கண் தளர்ந்ததா என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. பறித்த கொழுந்தை நிறுக்கத் தராசு தவறாமல் வருகின்றது. பறித்த கண்ணை அளக்கக் கருவி வருவதில்லை.

கருவி ஏழைகளிடம் வரவே முடியாது என்பது பொய். பாக்குநீரிணைக்கு அப்பால், மதுரையில், 1976 இல் டொக்டர் வெங்கடசாமி 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், அவ்விரல்களாலேயே அறுவை செய்தவர். பணமுள்ளோர் தரும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதார்க்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் பார்வை வழங்கும் முறை அங்கே வளர்ந்தது. கண்ணுள் வைக்கும் வில்லையின் விலை எட்டாதிருந்தபோது, 1992 இல் தாமே ஆலை அமைத்து அதனைச் செய்தனர். செய்மதிகளைப் படம்பிடிக்கப் பிறந்த அதே அலைமுகப்பு அளவை, கையிற் பிடிக்கத்தக்க மலிவான கருவியாகி, அரவிந்தின் ஒத்துழைப்போடு கிராமப்புறத்தில் 708 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2019 இல் அதன் முடிவு வெளிவந்தது. அனுபவம் மிக்க பரிசோதகர் எழுதிய கண்ணாடியைச் சற்றுக் கூடுதலானோர் விரும்பினர். கருவி தந்த எண்ணிற் செய்த கண்ணாடியை விரும்பியவர்களும் பலர். மனிதரின் திறமைக்குக் கருவி முழு ஈடாகாது. ஆயின் திறமையுடைய மனிதர் எட்டாத ஊரில் அது பேருதவியாகும்.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. கொழும்பிற் கண்ணுக்கெனத் தனி அரச வைத்தியசாலை இருக்கின்றது. பாடசாலை வைத்தியப் பரிசோதனை என்னும் நல்ல ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 1945 இல் இலவசக் கல்வியையும் 1980 இல் இலவசப் பாடநூலையும் பெற்ற மக்கள் நாம். இலவசமாகக் கொடுத்த நூலின் எழுத்துப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகின்றதா என்பதை உறுதிசெய்யும்போதே அக்கொடை முழுமையாகும். பரிசோதனைக்கும், கண்ணாடி மூக்கில் ஏறுவதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் குடும்பத்தின் பணப்பை தீர்மானிக்க விடுதல் ஆகாது.

அந்தத் தாயின் கையிலிருந்த சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்க்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் இரசாயனமும் அவர் முயற்சியால் தமிழ் நூல்களாயின. அவ்வாறிருக்க, மூன்றே எண்கள் கொண்ட ஒரு சீட்டை இன்று தமிழிலோ சிங்களத்திலோ அச்சிட முடியாது என்று எவரும் கூற முடியாது. தன் பிள்ளையின் கண்ணில் என்ன குறை என்று ஒரு தாய் தானே வாசித்தறிதல் வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை அவை. அவற்றுக்காகக் குரலெழுப்பும் வேளையில், ஆசிரியர்களாகிய நாம் நாளையே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. என் வகுப்பில் இப்போது 6 மீற்றர் நீளமுள்ள ஒரு நூற்கயிறு இருக்கின்றது. புதிய ஆண்டு தொடங்கியதும் அதனைச் சுவரிலிருந்து பிடித்து, அதன் முடிவில் ஒவ்வொரு மாணவனையும் மாணவியையும் நிறுத்தி, சுவரிலுள்ள எழுத்துகளை ஒவ்வொரு கண்ணாலும் வாசிக்கச் செய்கின்றேன். இது வைத்தியப் பரிசோதனையாகாது. யாரை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டுமே காட்டும். இவ்வாண்டு 38 பேரில் நால்வர் தடுமாறினர். அவர்களுள் ஒருத்தியை நான் கெட்டிக்காரி என்று எண்ணியிருந்தேன். காதால் கேட்டே அவள் எல்லாம் கற்றுவந்திருக்கின்றாள்.

சென்ற ஆண்டு மாணவன் இப்போது அடுத்த வகுப்பில் இருக்கின்றான். அண்மையில் அவன் ஏட்டை வாங்கிப் பார்த்தேன். பிழைகள் இன்னும் உண்டு. ரகர றகரத்தில் அவனுக்கு மெய்யாகவே தடுமாற்றம். அதனைத் திருத்துவது என் வேலை. புள்ளிகள் யாவும் இடத்தில் விழுந்திருந்தன.